சமையலறையில் மினுக்கிய நீல விளக்கு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்திலிருந்து ஒருவர் வருவார். மீட்டரை அண்ணாந்து பார்ப்பார், ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். அவர் கேட்டைத் தாண்டியதும் எங்கள் வீட்டில் விசாரணை ஆரம்பமாகும். "இந்தத் தடவை ஏன் இவ்வளவு?" ஏசி போட்டவர் ஃபிரிட்ஜைக் கைகாட்டுவார், ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடியவர் வாட்டர் ஹீட்டரைக் கைகாட்டுவார். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும் என்பதால் 510 வந்த மாதம் வீட்டில் துக்கம் மாதிரி. ஆனால் எந்தப் பத்து யூனிட் அது, யார் செலவழித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அறுபது நாள் கழித்து மொத்தமாக ஒரு எண் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தக் கேள்வியை ஐம்பது வருஷத்துக்கு முன்பே சிலர் முறையாகக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு கருவியை வைத்து, அது மனிதரைக் கொஞ்சம் உறுத்தி, கொஞ்சம் பாராட்டி, மின்சாரத்தைச் சேமிக்க வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இன்றைக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், ஸ்மார்ட் மீட்டர், செல்போன் செயலி என்று விற்கப்படுகிற சரக்குக்கெல்லாம் மூலம் அங்கேதான் இருக்கிறது. சில மாதங்களாக இதைப் பற்றிப் படித்துவருகிறேன். அந்தக் குறிப்புகளைக் கோர்த்து எழுதியதுதான் இது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்று ஒரு குடியிருப்பு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம்தான். திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். ஒரே மாதிரியான வரிசை வீடுகள், ஒரே பில்டர், ஒரே மாதிரி ஹீட்டர், ஒரே மாதிரி ஏசி. 1972இல் இயற்பியலாளர் ராபர்ட் சோகலோவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய் வீடுகளை அளக்க ஆரம்பித்தார்கள். அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தது 1973 அக்டோபரில். அதாவது பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டுவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே இவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தடை வந்ததும் இவர்கள் கையில் இருந்த நோட்டுப் புத்தகங்களுக்குத் திடீரென்று மதிப்பு கூடிவிட்டது.

இயற்பியலாளர்கள் எதிர்பார்க்காத ஒன்று உடனே தெரிந்தது. அச்சில் வார்த்ததுபோல இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் எரித்தது. சுவர் ஒன்றுதான், கண்ணாடி ஒன்றுதான், கூரை ஒன்றுதான். அப்போது வித்தியாசம் வீட்டிலா, வீட்டுக்காரரிடமா? ராபர்ட் சோண்டரெகர் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தார். வீடு விற்றுப்போய் புதுக் குடும்பம் வந்த வீடுகளையும், அதே குடும்பம் தொடர்ந்து இருந்த வீடுகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். அதே குடும்பம் இருந்த வீட்டில் முந்தைய குளிர்காலத்தின் செலவைப் பார்த்தால் அடுத்த குளிர்காலத்தின் செலவை ஓரளவு ஊகிக்க முடிந்தது. ஆள் மாறிய வீட்டில் அந்த ஊகம் உடைந்துபோனது. வீடு அதேதான், ஆனால் பழைய குடும்பம் அதிகம் எரித்தது என்பதால் புதுக் குடும்பமும் அதிகம் எரிக்கும் என்று சொல்ல முடியவில்லை.

இப்படித்தான் இயற்பியலாளர்களின் திட்டத்துக்குள் உளவியலாளர்கள் நுழைந்தார்கள். கிளைவ் செலிக்மன், ஜான் டார்லி, லாரன்ஸ் பெக்கர் ஆகிய மூவரின் பெயர்களும் இந்தக் கதையில் முக்கியம். டார்லி ஏற்கெனவே பிரபலமானவர். ஆபத்தில் இருப்பவரைச் சுற்றிக் கூட்டம் நின்றால் ஒவ்வொருவரும் 'வேறு யாராவது உதவுவார்கள்' என்று ஏன் சும்மா நிற்கிறார்கள் என்பதை பிப் லாடனேயோடு சேர்ந்து ஆராய்ந்தவர். மின்சாரமும் யோசித்துப் பார்த்தால் அதே கதைதானே!

முதல் சோதனை 1977இல் வெளியானது. மூன்று படுக்கையறை கொண்ட 29 வீடுகள். கோடைக்காலம், ஏசிதான் பெரிய செலவாளி. பாதி வீடுகளுக்கு வாரம் நான்கு நாள், ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு, சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு எண்ணை வைத்தார்கள். நேற்றைய வெயிலுக்கு உங்கள் வீடு எவ்வளவு செலவழித்திருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதன் விகிதம் அது. அவ்வளவுதான். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. எண் பார்த்த வீடுகள் மற்றவற்றைவிட 10.5 சதவீதம் குறைவாகச் செலவழித்தன.

அடுத்தது பெக்கருடைய சோதனை, 1978. சில குடும்பங்களிடம் 20 சதவீதம் குறையுங்கள் என்று கேட்டார், சில குடும்பங்களிடம் வெறும் 2 சதவீதம். அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் வாரம் மூன்று முறை 'எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது' என்று எண்ணைக் காட்டினார். தேறியது ஒரே ஒரு குழுதான். கடினமான இலக்கும் கொடுத்து எண்ணும் காட்டப்பட்ட குழு. அவர்கள் 13 முதல் 15 சதவீதம் வரை சேமித்தார்கள். 2 சதவீதம் கேட்டவர்களிடம் கணக்கில் படுகிற அளவுக்குச் சேமிப்பு எதுவும் தேறவில்லை. பிள்ளையிடம் நூறு மார்க் வாங்கு என்று சொல்கிற நம்மூர் அப்பாக்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் ரேங்க் கார்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதாது, வாரம் மூன்று முறை வரவேண்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நியூஜெர்சியின் கோடையில் பகல் கொதிக்கும், சாயங்காலம் ஆனால் வெளியே குளிர்ந்துவிடும். ஆனால் காலையில் போட்ட ஏசியை யாரும் அணைப்பதில்லை. ஜன்னலைத் திறந்தால் போதும் என்பது பூட்டிய வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. ஆய்வாளர்கள் சமையலறையில் ஒரு நீல விளக்கை வைத்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்து, வெளியே வெப்பநிலை 68 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். ஏசியை அணைத்தால்தான் நிற்கும். இதனால் கிடைத்த சேமிப்பு 15.7 சதவீதம்.

கம்ப்யூட்டர் இல்லை, இன்டர்நெட் இல்லை. ஒரு தெர்மோஸ்டாட், ஒரு வயர், ஒரு பல்பு. ஆனாலும் இன்றைய ஸ்மார்ட் வீட்டின் மொத்தச் சூத்திரமும் இதற்குள் இருக்கிறது. சரியான நேரத்தில், சரியான இடத்தில், செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்வது. கொஞ்சம் எரிச்சலூட்டுவதும்தான். மினுக்குகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே சமைக்க முடியாது.

அதே ஆய்வாளர்கள் வீட்டுக்காரர்களின் கருத்துகளையும் கேட்டுப் பதிவு செய்தார்கள். யார் அதிகம் ஏசி போடுகிறார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவியது நாட்டுப்பற்றோ, எண்ணெய் நெருக்கடி பற்றிய நம்பிக்கையோ இல்லை. உடம்புக்குச் சுகம், ஆரோக்கியம் பற்றிய கவலைதான். 1977 பிப்ரவரி 2ஆம் தேதி ஜிம்மி கார்ட்டர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிவியில் வந்து, பகலில் 65 டிகிரி, ராத்திரியில் 55 டிகிரி வைத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்கர்களைக் கேட்டுக்கொண்டார். அவர் பேசியது கடமையைப் பற்றி. கேட்டவர்கள் நினைத்துக்கொண்டது கால் விரல் விறைப்பதைப் பற்றி.

இங்கே ட்வின் ரிவர்ஸின் இன்னொரு பாதியைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். அதே காலத்தில் அதே குடியிருப்பில் இயற்பியலாளர்கள் வீட்டுக்குள் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். கூரைப் பரணில் வெப்பக்காப்பு போட்டிருந்தும் கணக்குப்படி போகவேண்டியதைவிடப் பல மடங்கு வெப்பம் மேலே போய்க்கொண்டிருந்தது. கௌதம் தத், யான் பேயா ஆகியோர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சுவருக்குள்ளும் குழாய்களைச் சுற்றியும் இருந்த இடுக்குகள் வழியாகச் சூடான காற்று காப்பை ஏமாற்றிவிட்டு நேராகப் பரணுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்கு இது கண்ணிலேயே படாது. ஃபிராங்க் சிண்டன் என்பவர் ஒரே ஒரு வரிசை வீட்டை எடுத்து, இடுக்குகளை அடைத்து, ஜன்னல்களுக்குக் காப்பு போட்டு, இன்னும் சில வேலைகள் செய்து பார்த்தார். சூடாக்கத் தேவையான எரிபொருள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. 1978இல் கட்டுரையாக வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் யாரும் புத்தி சொல்லவில்லை.

ஒரு பக்கம் 10, 15 சதவீதம். இன்னொரு பக்கம் 66 சதவீதம். ஆனால் முதல் வகைக்கு ஒரு பல்பு போதும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், வீட்டுக்காரர் பரணைத் திறந்து விடவேண்டும். அடுத்த நாற்பது வருஷத்தில் உலகம் எதன் பின்னால் போனது என்று பார்க்கும்போது இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்துக் கதை இன்னொன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. டோனெல்லா மெடோஸ் 1973இல் டென்மார்க்கில் ஒரு கருத்தரங்கில் கேட்டதாக எழுதியது. ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் ஒரே மாதிரி வீடுகள், சிலவற்றில் மீட்டர் கீழ்த்தளத்து இருட்டில், சிலவற்றில் வாசல் ஹாலில் எல்லாரும் பார்க்கிற இடத்தில். ஹாலில் மீட்டர் இருந்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைவான செலவு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இது கருத்தரங்கில் காதில் விழுந்த கதை, ட்வின் ரிவர்ஸ் மாதிரி வீடு வீடாக அளந்தது கிடையாது. இந்தத் துறையில் காதில் விழுந்த கதைகளுக்குப் பஞ்சமே இல்லை, எண்ணும் எப்போதும் பெரிதாகவே இருக்கும்.

எண்ணெய் மலிவானதும் எண்பதுகளில் ஆர்வம் வடிந்துவிட்டது. அந்த வறண்ட காலத்திலும் ஒருவர் நல்ல வேலை செய்தார். வில்லெட் கெம்ப்டன், மானிடவியலாளர். மிச்சிகன் மாநிலத்தில் சாதாரண மனிதர்களிடம் போய் "உங்கள் தெர்மோஸ்டாட் எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டார். நிறையப் பேர் அதை ஒரு கேஸ் அடுப்புக் குமிழ் மாதிரி நினைத்திருந்தார்கள். அதிகம் திருப்பினால் வேகமாகச் சூடாகும் என்று. நிஜத்தில் அது ஒரு ஸ்விட்ச்தான், வேகம் மாறாது. கெம்ப்டன் இவர்களைக் கேலி செய்யவில்லை. அவர்களுடைய கொள்கை தப்பாக இருந்தாலும் அதை வைத்து அவர்கள் வீட்டைச் சமாளித்துவிடுகிறார்கள், சில நேரம் சேமிக்கவும் செய்கிறார்கள் என்று 1986இல் எழுதினார். மின் கட்டணத்தைப் பற்றி அவர் சொன்ன உவமையும் பிரபலம். எந்தப் பொருளிலும் விலை ஒட்டாத மளிகைக் கடை, மாதக் கடைசியில் மொத்தமாக ஒரு பில். என் வீட்டு விசாரணை நினைவுக்கு வருகிறதா?

மக்களுக்குப் புரியவில்லை என்றால் மெஷினே பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனையும் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. நேரம் போட்டு வைக்கும் புரோகிராமபிள் தெர்மோஸ்டாட்டுகள் வந்தன. அமெரிக்க அரசு அவற்றுக்கு எனர்ஜி ஸ்டார் முத்திரை கொடுத்தது. ஆனால் களத்தில் சேமிப்பைக் காணோம். 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு அந்த முத்திரை நிறுத்தப்பட்டது. ஆலன் மையர் குழுவினர் வீடுகளிலிருந்து தெர்மோஸ்டாட்டின் போட்டோக்களை வாங்கிப் பார்த்தபோது ஐந்தில் ஒன்று தப்பான நேரம் காட்டிக்கொண்டிருந்தது. பாதியளவு, புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஹோல்ட்' பட்டனில் நிரந்தரமாக நின்றிருந்தது. பன்னிரண்டு பன்னிரண்டு என்று மினுக்கிக்கொண்டே இருந்த பழைய விசிஆர்கள் ஞாபகம் வருகின்றன.

இரண்டாயிரங்களில் கதை மறுபடி சூடு பிடிக்கிறது, இந்த முறை இரண்டு வழிகளில்.

முதல் வழி கம்ப்யூட்டர்காரர்களுடையது. ஸ்டான்ஃபோர்டில் பி. ஜே. ஃபாக், மனிதரின் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுவதற்கென்றே வடிவமைக்கப்படும் மெஷின்களைப் பற்றி 2003இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். இணங்க வைக்கும் தொழில்நுட்பம் என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. அந்தத் துறையின் முதல் மாநாடு 2006இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் நடந்தது. அங்கே கேஸ் மிடனும் யாப் ஹாமும் செய்த ஒரு சோதனை வேடிக்கையானது. ஐகேட் என்ற பூனை முக ரோபோ. நீங்கள் வாஷிங் மெஷினுக்கு எத்தனை டிகிரி வைக்கிறீர்கள் என்று பார்க்கும். குறைவாக வைத்தால் சிரித்துப் பாராட்டும், அதிகமாக வைத்தால் முகம் சுளித்துக் கண்டிக்கும். சாதாரண எண் காட்டியைவிடப் பூனைக்கு அதிகம் கட்டுப்பட்டார்கள் மனிதர்கள். பாராட்டைவிடத் திட்டு நன்றாக வேலை செய்தது. ஸ்வீடனில் அதே காலத்தில் மின்சாரம் ஓடும்போது நீல ஒளி அலையாக ஓடும் ஒரு வயரை உருவாக்கினார்கள். அருங்காட்சியகத்தில் வைக்கலாம்போல அழகானது. ஆனால் சேமிப்பைப் பொறுத்தவரை இவையெல்லாம் ஆய்வகத்துக் குழந்தைகள்.

இரண்டாவது வழியில்தான் பெரிய பணம் வந்தது. அது ஒரு காகிதத்தில் ஆரம்பித்தது.

கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் என்ற ஊரில் ராபர்ட் சியால்டினி, வெஸ்லி ஷுல்ட்ஸ், ஜெசிக்கா நோலன் ஆகியோர் வீட்டுக் கதவுகளில் அட்டைகளைத் தொங்கவிட்டார்கள். கோடையில் ஏசிக்குப் பதில் ஃபேன் போடுங்கள் என்பதுதான் விஷயம். சில அட்டைகள் பணம் மிச்சம் என்றன, சில சுற்றுச்சூழல் என்றன, சில சமூகப் பொறுப்பு என்றன. ஒரு வகை அட்டை மட்டும், உங்கள் ஊரில் 77 சதவீதம் பேர் அடிக்கடி ஃபேன்தான் போடுகிறார்கள் என்றது. மீட்டரைப் படித்துப் பார்த்தால் கடைசி அட்டைதான் ஜெயித்தது. இதில் சுவாரசியம் என்னவென்றால், எதனால் சேமிக்கிறீர்கள் என்று மக்களைக் கேட்டபோது சுற்றுச்சூழலை முதலில் சொன்னார்கள், பக்கத்து வீட்டைக் கடைசியில் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. தங்களைப் பற்றி அவர்களுக்கே தெரியவில்லை.

2007இல் வெளியான இன்னொரு சான் மார்கோஸ் சோதனையில் 290 வீடுகள். உங்கள் செலவு இவ்வளவு, ஊர் சராசரி இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார்கள். சராசரிக்கு மேலே இருந்தவர்கள் குறைத்தார்கள். சராசரிக்குக் கீழே இருந்தவர்கள் ஏற்றினார்கள்! 'நாம்தான் ஏமாளியா?' என்ற உணர்வுதான். குறைவாகச் செலவழித்தவர்களின் தாளில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து கொடுத்ததும் அந்த ஏற்றம் நின்றுவிட்டது. ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு. சமூக உளவியலில் இவ்வளவு மலிவான கண்டுபிடிப்பு வேறு இருக்குமா தெரியவில்லை.

இதைப் பார்த்துத்தான் டான் யேட்ஸ், அலெக்ஸ் லாஸ்கி என்ற இருவர் 2007இல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பிற்பாடு ஓபவர் என்று அறியப்பட்டது. சியால்டினியைக் கூடவே சேர்த்துக்கொண்டார்கள். 2008இல் சாக்ரமெண்டோ நகர மின்வாரியத்தோடு சேர்ந்து சுமார் 35,000 வீடுகளுக்குக் கடிதம் போக ஆரம்பித்தது. உங்களை மாதிரி வீடுகளோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதற்கு ஒரு பட்டைப் படம், பக்கத்தில் சிரித்த முகம். சுருங்கிய முகத்தை வைத்துப் பார்த்தபோது மக்கள் கோபப்பட்டதால் அதை எடுத்துவிட்டார்கள். பூனை ரோபோவிடம் திட்டு வாங்கச் சம்மதிக்கும் மனிதர் மின்வாரியத்திடம் வாங்கச் சம்மதிப்பதில்லை.

2010 மார்ச்சில் ஒபாமாவே அந்த அலுவலகத்துக்கு வந்துவிட்டுப் போனார். 2016இல் ஆரக்கிள் அதை 53.2 கோடி டாலருக்கு வாங்கியது.

சரி, எவ்வளவு சேமிப்பு? ஹண்ட் ஆல்காட் சுமார் 6 லட்சம் வீடுகளின் கணக்கைப் பார்த்து 2011இல் எழுதினார். சராசரியாக 2 சதவீதம். ட்வின் ரிவர்ஸின் 10, 15 எங்கே போயின?

இங்கேதான் இந்த வரலாற்றின் உண்மையான சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மகாலி டெல்மாஸும் கூட்டாளிகளும் 1975 முதல் 2012 வரை நடந்த 156 களச் சோதனைகளைத் தொகுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரி 7.4 சதவீதம். ஒப்பீட்டுக் குழு, வானிலை, வீட்டின் விவரம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கணக்கில் எடுத்த சோதனைகளை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 2. சோதனை நேர்மையாக ஆக ஆக எண் சுருங்கிக்கொண்டே போகிறது. 29 வீட்டில், அதுவும் தாமாக முன்வந்தவர்களின் வீட்டில், ஒரு மாதத்தில் கிடைப்பது வேறு. லட்சம் வீட்டில் வருஷக்கணக்கில் கிடைப்பது வேறு.

2013இல் வந்த ஒரு சோதனை இதைவிடச் சங்கடமானது. அமெரிக்காவில் சில வீடுகளுக்கு வாரா வாரம் ஒரு தபால் அட்டை போனது. நீங்கள் மின்சாரப் பயன்பாடு பற்றிய ஒரு ஆய்வில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான் செய்தி. எண் இல்லை, அறிவுரை இல்லை, சிரித்த முகம் இல்லை. அந்த மாதம் அவர்கள் 2.7 சதவீதம் குறைத்தார்கள். அட்டை நின்றதும் சேமிப்பும் நின்றது. யாரோ பார்க்கிறார்கள் என்பதே போதுமானதாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் ட்வின் ரிவர்ஸில் ஜன்னலுக்கு வெளியே வைக்கப்பட்ட எண்ணில் எவ்வளவு பங்கு எண்ணுடையது, எவ்வளவு பங்கு வாரம் நான்கு நாள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்ற ஆளுடையது?

ஓபவருக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2 சதவீதம் என்பது கேவலமான எண் இல்லை. விலையை வைத்து அதே விளைவைக் கொண்டுவர வேண்டுமானால் குறுகிய காலத்தில் கட்டணத்தை 11 முதல் 20 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கும் என்பது ஆல்காட்டின் கணக்கு. எந்த அரசு அதைச் செய்யும்? கடிதம் வந்ததும் குறைப்பது, சில நாளில் பழையபடி ஆவது, அடுத்த கடிதம் வந்ததும் மறுபடி குறைப்பது என்று ஆரம்பத்தில் ஒரு ஊசலாட்டம் தெரிந்தது. ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து அனுப்பிவிட்டு நிறுத்தினால் பழக்கம் முழுக்கப் போகவில்லை, வருஷத்துக்கு 10 முதல் 20 சதவீதம்தான் தேய்ந்தது. இது பழக்கமாகவோ, வாங்கிப் போட்ட நல்ல ஃபிரிட்ஜாகவோ வீட்டில் தங்கியிருக்கிறது.

வீட்டுக்குள் வைக்கும் திரைகளின் கதை இவ்வளவு நன்றாக இல்லை. நெதர்லாந்தில் ஃபான் டாம் குழுவினர் பார்த்த வீடுகளில் நான்கு மாதத்தில் 7.8 சதவீதம் குறைந்தது, பதினைந்து மாதத்தில் அந்தச் சேமிப்பு நிற்கவில்லை. பிரிட்டனில் 60,000 வீடுகளுக்கு மேல் பங்கெடுத்த அரசுச் சோதனையில் ஸ்மார்ட் மீட்டரும் திரையும் சேர்ந்து சுமார் 3 சதவீதம். டாம் ஹார்கிரீவ்ஸ் குழு அந்த நாட்டு வீடுகளில் உட்கார்ந்து பேசிப் பார்த்தது. முதல் வாரம் கெட்டிலைப் போட்டால் எண் எகிறுவதைப் பார்த்து எல்லாரும் வியக்கிறார்கள். வீட்டைச் சுற்றி அணைத்து அணைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் வீட்டின் 'இயல்பான' எண் என்ன என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் திரை ஒரு சுவர்க் கடிகாரம் மாதிரி ஆகிவிடுகிறது. சண்டைகளும் உண்டு. திரைமேல் ஆசைப்பட்டவர் பெரும்பாலும் ஆண், துவைப்பதும் சமைப்பதும் பெரும்பாலும் பெண். 'ஏன் இப்போ மெஷினைப் போட்டே?' என்ற கேள்வி யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் யோலாண்டி ஸ்ட்ரெங்கர்ஸ் இந்தக் கருவிகள் மனதில் வைத்திருக்கும் ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார்: வள மனிதன். வரைபடம் பார்த்து, யூனிட் கணக்குப் போட்டு, தர்க்கப்படி வாழ்பவன். வீட்டில் குழந்தை வாந்தி எடுத்தால் ராத்திரி எட்டு மணிக்கு, உச்ச நேரத்தில், துணி துவைக்க வேண்டிய ஆள் அவன் கிடையாது.

கண்காணிப்பு என்ற வார்த்தையை நேராகச் சொன்னவர்கள் டச்சுக்காரர்கள்தான். எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம், மறுத்தால் அபராதமோ சிறையோ என்று ஒரு சட்டம் அங்கே மேலவைக்கு வந்தது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மின் அளவை வைத்து வீட்டில் ஆள் இருக்கிறாரா, எப்போது எழுகிறார், எப்போது தூங்குகிறார் என்று சொல்லிவிடலாம். தில்பர்க் பல்கலைக்கழகத்துச் சட்ட ஆய்வாளர்கள் இது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு ஒத்துவராது என்று காட்டினார்கள். 2009 ஏப்ரலில் மேலவை அதைத் திருப்பி அனுப்பியது. மீட்டரை மறுக்க மக்களுக்கு உரிமை கொடுத்த பிறகுதான் சட்டம் நிறைவேறியது.

ஐபாடை உருவாக்கியவர்களில் ஒருவரான டோனி ஃபாடெல் 2011இல் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்தார். உங்கள் பழக்கத்தைத் தானே கற்றுக்கொள்ளும். சிக்கனமான வெப்பநிலைக்குத் திருப்பினால் ஒரு சின்னப் பச்சை இலை தோன்றும். நீல விளக்கின் பேரன் என்று சொல்லலாம், ஆனால் தாத்தா கண்டித்தார், பேரன் கொஞ்சுகிறான். 2014 ஜனவரியில் கூகுள் 320 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியை வாங்கியது. வீட்டு மின் கணக்கைத் திரையில் காட்டிய அதே கூகுளின் பவர்மீட்டர் ஆள் சேராமல் 2011இல் மூடப்பட்டிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக இரண்டு விஷயங்கள். 2021 ஜூனில் டெக்சாஸில் கடும் வெயில். மின்சாரம் தட்டுப்படும் என்ற நிலை. சிலர் மதியத் தூக்கத்திலிருந்து வியர்த்து எழுந்து பார்த்தால் தெர்மோஸ்டாட் தானாகவே ஏறியிருந்தது. ஒரு பரிசுக் குலுக்கலில் சேர்வதற்காக எப்போதோ சம்மதம் கொடுத்திருந்தார்கள், அதில் இந்த அனுமதியும் இருந்தது. நினைவில் இல்லை. மெஷின் மனிதரைக் கேட்டுக்கொள்வதிலிருந்து மனிதரைத் தாண்டிப் போகும் இடம் இது. நீல விளக்கு மினுக்க மட்டுமே செய்தது, ஏசியை அணைத்தது வீட்டுக்காரரின் கை.

இன்னொன்று 2022இல் பிராண்டன், லிஸ்ட், மெட்காஃப் முதலானோர் வெளியிட்டது. கலிபோர்னியாவில் 1,385 வீடுகள், பாதிக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். மணிக்கு மணி எடுத்த பல லட்சம் அளவுகள். கணக்கில் படுகிற அளவுக்குச் சேமிப்பு எதுவும் தேறவில்லை. காரணத்தைத் தேடினால், மெஷின் போட்டுக்கொடுத்த சிக்கனமான அட்டவணையை மக்கள் கையால் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். செயலி வந்ததால் படுக்கையிலிருந்தே மாற்ற முடிந்தது. எழுந்து போய் சுவரில் திருப்ப வேண்டிய சோம்பல் முன்பு கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டிருந்ததோ என்னவோ.

சிண்டன் இடுக்கடைத்த அந்த வரிசை வீட்டைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை மறுபடி ஒருமுறை வரிவரியாகப் படிக்கவேண்டும். கெம்ப்டனின் மிச்சிகன் பேட்டிகளுக்குத் தனிப் பதிவு தேவை. அதை அடுத்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் போன மாதம் 486.